கச்சான் மாதத்தில் குடும்பிமலைக்கு

ஆவணியில் கிரான் பாலம் தாண்டி மேற்கே போவதென்றால் ஒரு துவாய் போதாது. ஒன்று தலைக்கு, மற்றது மூக்குக்கு. கால்நடை வைத்தியப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லித்தந்தவர் ஒரு பட்டிக்காரர். இளைப்பாறி வருடங்களாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. போன ஆவணியில் மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறியபோதும் கழுத்தில் இரண்டு துவாய்.

"அங்க என்ன இரிக்கி எண்டு போறீங்க மாமா?" என்றான். கல்லடியில் பிறந்தவன். கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வாவியின் அந்தப்பக்கம் வேறு நாடு.

மட்டக்களப்பு வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி, சந்தை எல்லாம் பெரும்பாலும் அங்கே. மேற்கே காடும் குளமும் வயல்வட்டையுமாக விரிவது படுவான்கரை. எங்களுக்குச் சோறும் தயிரும் அங்கிருந்துதான் வருகின்றன. இதை எழுவான்கரைக்காரர் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை, நானும் எழுவான்கரைக்காரன்தான்.

புலிபாய்ந்தகல் தாண்டியதும் கிரவல் வீதி. முன்னால் ஒரு உழவு இயந்திரம் போனால் போதும், கொஞ்ச நேரத்துக்கு உலகமே செம்மண் நிறம். இரு பக்கமும் காய்ந்த புல், இலை சுருண்ட பற்றை, இடையிடையே பாலை மரம். ஆனி, ஆடியில் வந்திருந்தால் பாலைப்பழமாவது கிடைத்திருக்கும். தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய உதட்டோடு பேச முயல்வது அந்த நாளில் எங்கள் ஜீப்பில் பெரிய பகிடி.

பாலைவனம் என்று மருமகன் சொன்னான். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, சென்னையைவிடக் கூட. பெரும்பகுதி ஐப்பசி கடைசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், அவ்வளவுதான். வைகாசி தொடங்கினால் தென்மேல் பருவக்காற்று தன் மழையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டுகிறது. கீழே இறங்க இறங்கக் காற்று அமுங்கிச் சூடேறும். அப்படி வந்து எங்கள் முகத்தில் அடிப்பதுதான் கச்சான். மார்கழியில் முந்தனையாறு பெருகினால் இதே கிரான் வீதி தண்ணீருக்குள் போய்விடும். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோணியில் நான் கடந்த இடத்தில், இப்போது குடிதண்ணீர் பவுசர் புழுதி கிளப்பிக்கொண்டு எதிரே வந்தது.

மழையில்லை என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். வந்த தண்ணீர் எங்கே நின்றது, யாருக்குப் போனது என்றுதான் கேட்பார்கள்.

தரவையை நெருங்கியதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். போரில் இறந்த போராளிகளின் துயிலுமில்லம் இருந்த இடம். கார்த்திகையில் விளக்கேற்ற உறவினர் வருவார்கள். போர்க்காலத்தில் இந்தப் பக்கத்துக்குள் நுழைய ஒரு சாவடி, உள்ளே போனதும் இன்னொரு சாவடி. தொண்டை அடைப்பான் நோய்க்கான தடுப்பூசி மருந்தை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் கொண்டுபோவோம். சாவடியில் பெட்டியைத் திறப்பார்கள், மூடுவார்கள், யாரையோ கேட்கப் போவார்கள். வெயில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஐஸ் உருகிய மருந்தைப் பிறகு எந்த மாட்டுக்கு ஏற்றுவது? திரும்பி வரும் வழியில் பட்டிக்காரர்கள் கையைக் காட்டி மறிப்பார்கள். காரணம் சொன்னால் கோபிக்கவும் மாட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்காது.

2007 மார்ச்சில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டபோது படுவான்கரைச் சனம் பை ஒன்றோடு வாவியைக் கடந்து நகரப் பக்கம் வந்தது. பட்டிகள் அவிழ்த்துவிடப்பட்டன. ஜூலையில் குடும்பிமலை இராணுவத்தின் வசமானது. திரும்பிப் போனவர்கள் முதலில் தேடியது வீட்டையல்ல, மாட்டை. கிடைத்தவற்றைக் குறி பார்த்துப் பிரித்தார்கள். மாட்டின் தோலில் சுடும் குறிகள் குடும்பத்துக்குக் குடும்பம், குடிக்குக் குடி வேறுபடும். ஆவணம் எரிந்துபோனாலும் அந்தத் தோல் சாட்சி சொல்லும். காட்டுக்குள் தானாகவே ஈன்ற கன்றுகளுக்கு மட்டும் குறி இல்லை. அவற்றுக்காக வந்த வழக்குகளைக் கேட்டு முடிய விதானைமாருக்குத் தலைவலி.

மலை தூரத்தில் தெரியத் தொடங்கியது. முடிந்துவைத்த குடும்பி மாதிரியேதான் இருக்கிறது. பெயர் வைத்தவர் யோசித்திருக்கவே மாட்டார். அதற்கும் அப்பால் மயிலத்தமடு, மாதவணை. பெரும்போக விதைப்பு தொடங்கினால் வயல்வட்டைக்குள் மாடு நிற்க முடியாது. பயிரை மேய்ந்தால் நட்டஈடு, சண்டை. ஆகவே புரட்டாதி, ஐப்பசியில் பட்டிகளை அங்கே சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடிந்தபின் வைக்கோலையும் ஒட்டையும் மேய இறக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் ஆண்டு முழுக்க அங்கேயே வாடி போட்டிருப்பார்கள். வயலும் பட்டியும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுத்துப் பிழைத்த ஏற்பாடு இது. வெறும் காடு என்று வரைபடத்தில் பார்ப்பவருக்கு இது தெரியாது.

அந்த மேய்ச்சல் தரையில் வெளி மாவட்டத்தார் வந்து பயிர் செய்கிறார்கள், மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் சாகின்றன என்று முறையிட்டுப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தது. என் கணக்கில் இது வெறும் எல்லைத் தகராறு அல்ல. அந்தத் தரை போனால் ஐப்பசியில் மாடு நிற்க இடமில்லை. மாட்டை விற்க வேண்டும், அல்லது வெள்ளாமையை விட வேண்டும். எந்தக் கச்சானும் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

வற்றிப்போன ஒரு குளத்தடி வாடியில் இறங்கினோம். குளத்தின் நடுவில் மிஞ்சிய சேற்றில் எருமைகள் கிடந்தன. பட்டிக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "டொக்டர் ஐயா, இந்த நாம்பனைக் கொஞ்சம் பாருங்க" என்றார். நான் டொக்டரும் இல்லை, இப்போது வேலையிலும் இல்லை. சொல்லிப் பயனில்லை. வாயோரம் நுரை, குளம்பிடையில் கொப்புளம் உடைந்த புண். கால் வாய் நோயாக இருக்கலாம். போனுக்குச் சிக்னல் குளக்கட்டில் ஏறினால்தான் வரும். ஏறி, இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் தம்பியைப் பிடித்தேன். நாளைக் காலை வருவதாகச் சொன்னார்.

"நாம்பனைப் பிரிச்சுக் கட்டுங்க. அவர் வந்து பார்க்கும்வரைக்கும் பட்டியை எங்கயும் சாய்க்க வேணாம்" என்றேன். பட்டிக்காரர் தலையாட்டிவிட்டு மருமகனைப் பார்த்து, "தம்பி, டவுன்ல தயிர்ச்சட்டி என்ன விலைக்குப் போகுது?" என்று கேட்டார். அவன் சொன்னான். அவருக்கு இங்கே கிடைப்பதைவிட மூன்று மடங்கு.