கடைசல் பட்டறைக்கு மோட்டார் பூட்டுமுன்...



கட்டில் கால், மத்து, பூரிக்கட்டை, இடியப்ப உரல், பிள்ளைகளின் பம்பரம்... நம் வீட்டில் உருண்டு திரண்டிருக்கும் மரச்சாமான் பலவும் கடைசலில் பிறந்தவைதான். மரத்தைச் சுழலவிட்டு, உளியைப் பிடித்துச் செதுக்கும் அந்தத் தொழில் மிகப் பழையது, கண்ணியமானது. நபி ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம்.

“இது ஆண்களின் விஷயம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வாவிக்கரை ஊர்களில் தச்சுவேலை செய்யும் வீடுகளில் பட்டறை இருப்பது வீட்டுப் பின்பத்தியில். அதன் தூள் விழுவது உங்கள் குசினியில். பிள்ளைகள் ஓடி விளையாடுவது அதன் பக்கத்தில். பட்டறையைப் பெரிதாக்க நினைத்தால் முதலில் விலைபோவது பெரும்பாலும் உங்கள் நகை. மனைவியின் மஹரும் நகையும் அவளுக்கே உரிய சொத்து. அவள் மனமுவந்து கொடுத்தாலன்றி அதில் கணவனுக்குப் பங்கில்லை. கொடுப்பவருக்கு, “இந்தக் காசில் என்னென்ன வாங்கப் போகிறீர்கள்?” என்று கேட்கவும் உரிமை உண்டு. அப்படிக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கயிறு இழுத்த காலம்

பழைய கடைசலில் மரத்தைச் சுற்றிக் கயிறு போட்டு ஒருவர் இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். உளி மரத்தில் சிக்கினால் இழுப்பவர் கை தானாக நின்றுவிடும். மனிதக் கையின் களைப்பே அங்கே பாதுகாப்பு.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட நூலில், இலங்கையின் அரக்கு வேலையில் கடைசலில் செய்வது, நகத்தால் செய்வது என்று இரு வகைகளை விவரித்திருக்கிறார்.

இந்தியாவில் கர்நாடக மாநிலத்தில், பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் ஏறக்குறைய 60 கிலோமீற்றரில் சென்னபட்டணம் என்றோர் ஊர் உண்டு. சென்னை நகரம் வேறு, இது வேறு. அங்கே மரப்பொம்மைக் கடைசல் பரம்பரைத் தொழில். அதில் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். பெண்களும் வேலை செய்கிறார்கள். ஜப்பானிய முறைகளைக் கொண்டுவந்து அத்தொழிலை வளர்த்த பாவாஸ் மியான் என்பவரை அதன் தந்தை என்று போற்றுகிறார்கள். கைக்கடைசல் இருந்த இடத்தில் பின்னர் மோட்டார் கடைசலும் வந்தது. ஆனால் அவ்வூருக்குப் பேர் வாங்கித் தந்தது வேகமல்ல, மெருகு. சுழலும் வெட்பாலை மரத்தில் நிற அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நம் கரையோரத்திலும் வளரும் அதே தாழைதான்!

மோட்டாருக்குக் களைப்பில்லை

கயிற்றை எடுத்துவிட்டு மோட்டாரைப் பூட்டினால் வேலை பல மடங்கு கூடும், உண்மை. ஆனால் உளி சிக்கினாலும், சட்டைக் கை சிக்கினாலும் மோட்டார் தொடர்ந்து சுற்றும். களைப்பு தந்த பாதுகாப்பு போய்விடுகிறது. அதை நாம்தான் வேறு வழியில் பட்டறைக்குள் கொண்டுவர வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக் கடைசலுக்குப் பூட்டும் யோசனை பலருக்கு வரும். அந்த மோட்டாரின் தகட்டைப் பாருங்கள்: பெரும்பாலும் நிமிடத்துக்கு 2800 சுற்றுக்கு மேல் எழுதியிருக்கும். அதில் 8 அங்குல அகல மரத்தை நேரே பூட்டினால் மரத்தின் விளிம்பு மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் ஓடும். மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், துண்டு முகத்துக்கே பறந்து வரும்.

கடைசல்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கொன்று உண்டு. மரத்தின் அகலத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். அப்படியானால் 8 அங்குலக் கிண்ணத்துக்கு 750 முதல் 1100 சுற்று வரை. 3 அங்குலக் கட்டில் காலுக்கு 2000 முதல் 3000 வரை. அதுவும் மரம் உருண்டையான பிறகுதான். சதுரமாக இருக்கும்போது மிக மெதுவாகவே தொடங்க வேண்டும்.

ஆகவே 1440 சுற்று மோட்டாரும் படிப்படியான கப்பிகளுமே வீட்டுக்கு ஏற்றவை. மோட்டாரில் 2 அங்குலக் கப்பி, கடைசலில் 4 அங்குலக் கப்பி என்றால் வேகம் பாதியாகி 720 ஆகும். இரண்டும் ஒரே அளவென்றால் 1440. பெல்ட்டை மாற்றிப் போட்டால் வேகம் மாறும். தூள் உள்ளே புகாதபடி மூடிய மோட்டாராகவும் இருக்க வேண்டும். திறந்த மோட்டாரில் தூள் அடைந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

எதற்கு முதலில் செலவு?

முதலில் அடித்தளம். கடைசல் அதிர்ந்தால் உளி நிற்காது. பாரமான மரச்சட்டமும் கீழே மணல் மூட்டைகளும் போதும். செலவு மிகக் குறைவு.

இரண்டாவது சுவிட்ச். கரண்ட் போய்த் திரும்பும்போது கடைசல் தானாக ஓடக் கூடாது. மீண்டும் கையால் அழுத்தினால் மட்டும் ஓடும் சுவிட்ச் வேண்டும். நிற்கும் இடத்திலிருந்தே அது எட்ட வேண்டும். எர்த் கம்பியும் டிரிப் சுவிட்சும் கட்டாயம். வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் ஏறும் ஊர்களில் பிளக்கையும் மோட்டாரையும் உயரத்தில் வையுங்கள். உப்புக் காற்றில் இரும்பு துருவேறும்; வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்தல் நல்லது.

மூன்றாவது பெல்ட்டுக்கும் கப்பிக்கும் மூடி. சின்னஞ்சிறு விரல்கள் முதலில் போவது அங்கேதான்.

நான்காவது உளி சாயும் தாங்குகட்டை. அது மரத்துக்கு மிக அருகில், ஆனால் மரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் உளியைக் கீழே இழுத்துவிடும். சுவிட்சைப் போடுமுன் மரத்தைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகே பெரிய மோட்டாரைப் பற்றிப் பேசலாம்.

உடையும் தூளும்

சுழலும் மரத்துக்கு முன் முந்தானை, முக்காட்டின் தொங்கல், அகன்ற சட்டைக் கை, தோள் சால்வை எதுவும் ஆகாது. பெண்கள் வேலை செய்வதானால் முக்காட்டை உள்ளே செருகிக் கட்டிக்கொள்ளுங்கள். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். துணிக் கையுறை பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. அது சிக்கினால் கையையே இழுத்துக்கொள்ளும். முகத்தை மூடும் கண்ணாடித் தட்டு அவசியம்.

தூளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995 இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களில் சேர்த்தது. மூக்கையும் அதையொட்டிய குழிகளையும் அது தாக்குகிறது. நமது முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். ஆகவே நல்ல முகமூடி போட வேண்டும். காற்று வீட்டுக்குள் அடிக்காத பக்கத்தில் பட்டறையை வைக்க வேண்டும். வேலை செய்த உடுப்போடு குழந்தையைத் தூக்கக் கூடாது. தூளைப் பெருக்குமுன் சற்றுத் தண்ணீர் தெளியுங்கள்.

சகோதரிகளே! ஹலாலான உழைப்பில் பரக்கத் உண்டு. அந்த உழைப்பைத் தரும் கண்ணும் விரலும் நுரையீரலும் அல்லாஹ் தந்த அமானிதங்கள். ஓடர் அவசரம் என்று மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்ய யாரையும் விடாதீர்கள். நகையைக் கையில் கொடுக்கும் நாளில் நான்கு கேள்வி கேளுங்கள்: வேகம் குறைக்கக் கப்பி உண்டா? தானாக ஓடாத சுவிட்ச் உண்டா? பெல்ட்டுக்கு மூடி உண்டா? முகத்துக்கும் மூக்குக்கும் காப்பு உண்டா? நான்குக்கும் “ஆம்” என்று பதில் வந்த பிறகு, “பிஸ்மில்லாஹ்” சொல்லிக் கொடுங்கள்.