குவார்ட்டர்ஸா, சொந்த வீடா?

டெல்லியில் கிட்வாய் நகர் என்றாலே அரசு குவார்ட்டர்ஸ்தான் நினைவுக்கு வரும். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகளை இடித்து, 86 ஏக்கரில் என்பிசிசி நிறுவனம் அடுக்குமாடிகளை எழுப்பிவிட்டது. சாவி விதி மட்டும் மாறவில்லை.

ஐந்தாறு பேரோடு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவரும் ஒருவகையில் குவார்ட்டர்ஸ்வாசிதான். நிரலைச் சேமிக்கும் இடம், அலுவலக அரட்டை, பில்லிங், வாடிக்கையாளர் புகார்ப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் தலைக்கு இவ்வளவு என மாத வாடகை. பல சேவைகளுக்கு அதை டாலரில் கட்ட வேண்டும். ரூபாய் சரிந்தால், யாரும் கேட்காமலே வாடகை ஏறிவிடும்.

இதற்கு மாற்றுதான் திறமூல மென்பொருள். மூல நிரல் திறந்திருக்கும். எடுத்து ஓட்டலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். காசு மிச்சம் என்றுதான் பலரும் இதைத் தேடி வருகிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது காரணம். சாவி யார் கையில் என்பதே முதல் காரணம்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க இன்று நிரலர்கள் தினமும் தொடும் ‘கிட்’ கருவி பிறந்த கதையே இதற்குச் சாட்சி. லினக்ஸ் கருவை எழுதுகிறவர்கள் 2002 முதல் அதே வேலைக்கான பிட்கீப்பர் என்ற தனியார் கருவியில் வேலை செய்துவந்தார்கள். அவர்களுக்கு அது இலவசம். அதன் தகவல் பரிமாற்ற முறையை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலர் ஆராயத் தொடங்கியதும் உரிமையாளருக்குக் கோபம் வந்தது. 2005இல் இலவசச் சலுகை பறிபோனது. அந்த ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து, சில நாட்களிலேயே கிட்டின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். எல்லோராலும் அது முடியாது. எழுதித் தர நமக்கு ஒரு டோர்வால்ட்ஸும் இல்லை.

சாவி பொதுவில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் உரிம விதிகளை இறுக்கியது. முந்தைய நிரல் திறந்தே இருந்ததால், அதை எடுத்து சில நாட்களிலேயே ‘வால்கீ’ என்ற கிளையைத் தொடங்கிவிட்டார்கள். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து மரியாடிபி, ஓப்பன் ஆபிஸிலிருந்து லிப்ரே ஆபிஸ் பிரிந்ததும் இப்படித்தான்.

சிறு நிறுவனம் எதில் தொடங்கலாம்? தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரஸ். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. நிரல் சேமிப்புக்கு ஃபோர்ஜேயோ, அரட்டைக்கு ஸூலிப். கணக்குக்கும் பில்லுக்கும் நம் நாட்டுச் சரக்கே இருக்கிறது: மும்பையின் ஃப்ராப்பே தயாரிக்கும் இஆர்பிநெக்ஸ்ட். அதன் நிறுவனர் ருஷப் மேத்தா தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு மென்பொருள் தேடியதில் முளைத்தது. ஜிஎஸ்டிக்கென்றே தனி இணைப்பும் உண்டு. பங்குத் தரகு நிறுவனமான பெங்களூரு ஸெரோதா இதைப் பயன்படுத்துகிறது. அதன் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதிய ‘லிஸ்ட்மங்க்’, மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் கருவி, அதுவும் திறமூலம்தான்.

ஆனால் சொந்த வீடென்றால் ஒழுகும் கூரையும் நமதே. கிட்லேப், நிரல் சேமிப்பு மென்பொருளையே தயாரிக்கிற நிறுவனம். 2017 ஜனவரி 31 அன்று அதன் பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவர்களுக்கே அந்தக் கதி. பேக்கப் எடுப்பது பாதி வேலை. மாதம் ஒருமுறையாவது அதை வேறு கணினியில் திறந்து பார்ப்பது மீதி.

உரிமத்தையும் படிக்க வேண்டும். எம்ஐடி உரிமம் தாராளமானது. ஏஜிபிஎல் அப்படியல்ல: மென்பொருளை மாற்றி, இணையம் வழியே பிறருக்குச் சேவையாகத் தந்தால், மாற்றிய நிரலையும் அவர்களுக்குத் தர வேண்டும். அலுவலகத்துக்குள் மட்டும் ஓட்டினால் கவலையில்லை.

கிட்வாய் நகருக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கிட்வாய், சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர். ‘சொந்தமாகத் தொலைபேசி’ திட்டம் அவர் கொண்டுவந்தது. பெயரில்தான் சொந்தம், எக்ஸ்சேஞ்சும் கம்பியும் துறையிடமே இருந்தன. அதுபோல மென்பொருளிலும் எல்லாமே சொந்தமாக இருக்க வேண்டுமென்று அடம்பிடிக்கத் தேவையில்லை. மின்னஞ்சல் சர்வரை நான் வாடகைக்கே எடுக்கச் சொல்வேன். புதிய சர்வரிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்களின் ஸ்பேம் வடிகட்டிகள் சந்தேகத்தோடே பார்க்கும். வாடிக்கையாளருக்குப் போன இன்வாய்ஸ் குப்பைக் கூடையில் கிடக்கும்.