அப்டேட் ஏன் லேட்டா வருது, வந்தா ஏன் சொதப்புது?

போன் பத்தி நாம எபிசோட் பண்ணும்போதெல்லாம் ரெண்டே ரெண்டு கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. முதல் கேள்வி: "என் போனுக்கு அப்டேட் எப்ப வரும்?" ரெண்டாவது கேள்வி: "அப்டேட் பண்ணிட்டேன், இப்ப என்ன பண்றது?" முதல் கேள்வி கேட்டவங்களேதான் பல நேரம் சில மாசம் கழிச்சு ரெண்டாவதையும் கேட்கிறாங்க.

தாமதம் ஒரு பிரச்சினை, பக் இன்னொரு பிரச்சினைன்னு நாம தனித்தனியா திட்டுறோம். என்னைக் கேட்டா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். போனை நமக்கு வித்து முடிச்ச பிறகு அந்தப் போனுக்காக உழைக்கிறது கம்பெனிக்கு முழுக்கச் செலவு, வரவு கிடையாது. இதை வெச்சுப் பார்த்தா மத்த எல்லாமே புரிய ஆரம்பிக்கும். வாங்க, ஒண்ணொண்ணா பார்ப்போம்.

ஏழு மாசம் காத்திருந்த போன்

முதல்ல ஒரு நிஜக் கதை. ஆண்ட்ராய்டு 15-ன் மூல நிரலை கூகுள் 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அக்டோபரில் கூகுளோட சொந்த பிக்சல் போன்களுக்கு அது வந்துவிட்டது. சாம்சங் அதன் மேல் தன்னுடைய ஒன் யூஐ 7-ஐக் கட்டியது. கேலக்ஸி எஸ்24 அந்தக் கம்பெனியோட விலை உயர்ந்த வரிசை. அதுக்கே அப்டேட் வரத் தொடங்கியது 2025 ஏப்ரலில்தான். இதுல கடுப்பான விஷயம் என்னன்னா, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எஸ்25 போன்கள் அதே ஒன் யூஐ 7-ஓட கடைக்கு வந்தாச்சு. புதுசா காசு கொடுத்தவருக்கு உடனே, ஏற்கனவே காசு கொடுத்தவருக்கு மெதுவா.

சரி, இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டாங்களே, வந்தது பக்காவா இருந்துச்சா? ஒரு வாரம் போல ஆனதும் விநியோகத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாச்சு. தென் கொரியாவில் சில எஸ்24 போன்கள் அப்டேட்டுக்குப் பிறகு அன்லாக்கே ஆகவில்லை என்று செய்தி வந்தது. சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள். அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள, 2025 ஜூன் 10 அன்று கூகுள் ஆண்ட்ராய்டு 16-ஐ வெளியிட்டுவிட்டது.

நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். ஆண்ட்ராய்டு 16-ஐ சாம்சங் அதே செப்டம்பர்லயே கொடுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஏழு மாச வேலை மூணு மாசமா சுருங்கிடுச்சு. ஆக, முடியாத காரியம் இல்லை. மனசும் ஆளும் ஒதுக்கினா நடக்குது.

ஒரு அப்டேட் கடந்து வர்ற வழி

கூகுள் ஆண்ட்ராய்டை வெளியிட்ட உடனே அது நம்ம போனுக்கு ஏன் வர்றதில்ல? ஏன்னா கூகுள் கொடுக்கிறது மாவு மட்டும்தான். இட்லியா, தோசையா, ஊத்தப்பமான்னு முடிவு பண்றது போன் கம்பெனி. அடுப்பு இன்னொருத்தரோடது.

அந்த அடுப்புதான் சிப். குவால்காம், மீடியாடெக் மாதிரி சிப் கம்பெனிகள் புது ஆண்ட்ராய்டுக்கு ஏத்த மாதிரி டிரைவர்களைத் தயார் பண்ணணும். டிரைவர்னா கேமரா, மோடம், கிராபிக்ஸ் இதெல்லாம் ஆண்ட்ராய்டோட பேசுறதுக்கான மொழிபெயர்ப்பாளர். சிப் கம்பெனி ஒரு பழைய சிப்பைக் கைவிட்டுட்டா, போன் கம்பெனி நினைச்சாலும் அதுக்கு மேல அப்டேட் கொடுக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அடுத்து போன் கம்பெனி தன்னோட தோற்றம், தன்னோட ஆப்கள், தன்னோட கேமரா வித்தைகள் எல்லாத்தையும் அதுமேல ஏத்தும். பிறகு சோதனை. சில நாடுகள்ல நெட்வொர்க் கம்பெனியும் ஒரு தடவை சோதிச்சு ஓகே சொல்லணும். கடைசியாத்தான் கொஞ்சம் கொஞ்சமா அனுப்புவாங்க. அதனாலதான் உங்க நண்பருக்கு இன்னிக்கு வந்த அப்டேட், அதே மாடல் வெச்சிருக்கிற உங்களுக்குப் பத்து நாள் கழிச்சு வருது.

ஆப்பிளுக்கு இந்த ரிலே ரேஸ் கிடையாது. சிப் வடிவமைப்பு, போன், சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே கையில. அதனால வேகம் உண்டு. ஆனா வேகம் இருந்தா பக் இருக்காதுன்னு அர்த்தம் இல்லை. 2014 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6-ல் சிக்னலையே காலி பண்ணிடுச்சு. ஒரு மணி நேரம் போலத்தான் அது வெளியில் இருந்தது, உடனே பின்வாங்கினார்கள்.

மருந்து கண்டுபிடிக்காம இல்லை

கூகுளுக்கு இந்தப் பிரச்சினை தெரியாதான்னு கேட்டா, நல்லாவே தெரியும். 2014 செப்டம்பரில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை முதன்முதலா தொடங்கினதே நம்ம இந்தியாவுலதான். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் போன்கள், ஆரம்ப விலை 6,399 ரூபாய். மேல்பூச்சு இல்லாத ஆண்ட்ராய்டு, நேரா அப்டேட் வரும்னு வாக்குறுதி.

அப்புறம் 2017-ல ஆண்ட்ராய்டு 8-ஓட புராஜெக்ட் டிரெபிள் வந்துச்சு. அதுக்கு முன்னாடி தரைக்கு டைல்ஸ் மாத்தணும்னா சுவரையும் இடிக்கணும்ங்கிற நிலைமை. டிரெபிள் ஆண்ட்ராய்டையும் சிப் சார்ந்த பகுதியையும் தனித்தனி அறையா பிரிச்சுது. 2019-ல ஆண்ட்ராய்டு 10, இன்னும் ஒரு படி மேல போய் சில உள்பாகங்களை மட்டும் கூகுள் பிளே வழியாவே புதுப்பிக்க வழி செஞ்சுது.

இதெல்லாம் உதவி பண்ணுச்சு, மறுக்கல. ஆனா ஷாவ்மியோட மி ஏ3-ஐ ஞாபகம் இருக்கா? அதுவும் ஆண்ட்ராய்டு ஒன் போன்தான். மேல்பூச்சு கிடையாது, அதாவது வழக்கமா நாம பழி போடுற எதுவுமே அதுல இல்லை. 2020 கடைசி நாட்கள்ல ஆண்ட்ராய்டு 11 அப்டேட் வந்துச்சு. போட்டவங்கள்ல பலருக்கு போன் செத்துப்போச்சு, ஆன் ஆகவே இல்லை. கம்பெனி அப்டேட்டை நிறுத்தி, சர்வீஸ் சென்டர்ல இலவசமா சரிசெஞ்சு தர்றோம்னு சொன்னாங்க.

வழியைச் சுருக்கினா மட்டும் போதாதுன்னு இதுலயே தெரியுது. அனுப்புறதுக்கு முன்னாடி உட்கார்ந்து சோதிக்க ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்கணும்.

சோதனை எலி யாரு?

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடை ஷோகேஸ் முன்னாடி நின்னு பாருங்க. ஒரே பிராண்டுல எத்தனை மாடல்! பெயர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம், உள்ள சிப் வேற, கேமரா வேற. சில சமயம் பெயர் கூட ஒண்ணுதான். கேலக்ஸி எஸ்24 இந்தியாவுல எக்ஸினாஸ் சிப்போட வந்துச்சு, அமெரிக்காவுல ஸ்னாப்டிராகனோட வந்துச்சு. இது ஒவ்வொண்ணுக்கும் அப்டேட்டைத் தனியா சோதிக்கணும். புது மாடல் விட்டா வருமானம். பழைய மாடலைச் சோதிச்சா செலவு. இருக்கிற இன்ஜினியர்களை எங்க உட்கார வைப்பாங்கன்னு நீங்களே சொல்லுங்க.

அப்டேட்ல பல வகைத் தொல்லை உண்டு, எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டக் கூடாது. அப்டேட் பண்ணின மறுநாள் போன் சூடாகி பேட்டரி சீக்கிரம் இறங்கினா, பெரும்பாலும் அது பக் இல்லை. போன் பின்னணியில ஆப்களைப் புது சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி மறுபடி தயார் பண்ணிட்டிருக்கும். ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். ஒரு வாரம் ஆகியும் அடங்கலைன்னா அப்ப புகார் பண்ணுங்க. திரையில விழுற பச்சைக் கோடு இன்னொரு ரகம். அப்டேட் போட்டதும்தான் கோடு வந்துச்சுன்னு பலரும் எழுதினாங்க, ஆனா அப்டேட்தான் காரணம்னு நிரூபணம் ஆகல. இருந்தாலும் சத்தம் பெருசானதால, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு ஒன்பிளஸ் 2024-ல இந்தியாவுல இலவசத் திரை மாற்றம் அறிவிச்சுது.

இன்னொண்ணு, "பழைய வெர்ஷனுக்கே போயிடலாம்"னு நினைச்சா அந்தக் கதவையும் பல போன்கள்ல பூட்டியே வெச்சிருக்காங்க. பழைய ஓட்டை வழியா திருடன் உள்ள வரக் கூடாதுன்னு ஒரு நியாயமான காரணம் இருக்கு. ஆனா நம்ம பக்கம் இருந்து பார்த்தா, திரும்பி வர முடியாத பாதைன்னா அதைச் சரியா போட வேண்டிய பொறுப்பு அவங்களுக்கு ரெண்டு மடங்கு ஆகுது.

வேணும்னே மெதுவாக்குறாங்களா?

இதையும் நிறைய பேர் கேட்கிறீங்க. 2017 டிசம்பரில், பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. திடீர்னு போன் அணைஞ்சு போகாம இருக்கத்தான்னு காரணம் சொன்னாங்க. காரணம் சரியாவே இருக்கலாம். ஆனா பயனர்கிட்ட சொல்லாம செஞ்சதுதான் வில்லங்கம். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் போன்களை மந்தமாக்கிய அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2020-ல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது.

எல்லா மந்தத்துக்கும் சதின்னு நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அலட்சியம்தான். ஆனா அலட்சியம் பண்ணினா லாபம், அக்கறை காட்டினா நஷ்டம்னு கணக்கு இருக்கிற வரைக்கும் அது தானா மாறாது.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது எதுக்கு?

புது ஐகான், புது அனிமேஷன் லேட்டானா உலகம் இடிஞ்சு விழாது. பாதுகாப்பு பேட்ச் லேட்டானா கதை வேற. 2015-ல ஸ்டேஜ்ஃபிரைட்னு ஒரு ஓட்டை வெளியே தெரிஞ்சுது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள்ள நுழையலாம்ங்கிற அளவுக்கு மோசம். அந்த ஆகஸ்ட்ல இருந்துதான் கூகுள் மாசாமாசம் பாதுகாப்பு அறிக்கை வெளியிட ஆரம்பிச்சுது. அந்த மாச பேட்ச் நம்ம போன் வரை வருதாங்கிறதுதான் கேள்வி. 2018-ல செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ் என்ற ஜெர்மன் ஆய்வுக் குழு சோதிச்சப்ப, சில கம்பெனிகள் பேட்ச் தேதியை மட்டும் மாத்திட்டு, உள்ளே சில பேட்ச்களைப் போடாமலே விட்டிருந்தது தெரிஞ்சுது.

எங்க அம்மா போனை எடுத்துக்கோங்க. எந்தக் கம்பெனின்னு சொல்லல. நல்லா ஓடுது, கண்ணாடியில ஒரு கீறல் இல்லை. பால்காரர்ல இருந்து மருந்துக்கடை வரை எல்லாருக்கும் அதுலதான் யுபிஐ. அதோட பாதுகாப்பு பேட்ச் தேதி ரெண்டு வருஷம் பழசு. போன் கெட்டுப்போகல, ஆனா காலாவதி ஆயிடுச்சு. அதை அது அவங்ககிட்ட சொல்லவே இல்லை. ஆவின் பால் பாக்கெட்ல கூட தேதி போட்டிருக்கு. இருபதாயிரம் ரூபாய் போன் டப்பாவுல அந்தத் தேதியைத் தேடிப் பாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

நெதர்லாந்தில் ஒரு நுகர்வோர் அமைப்பு, அப்டேட் சரியா கொடுக்கலைன்னு 2016-ல் சாம்சங் மேல் வழக்கு போட்டது. 2018-ல் தோற்றுப்போனது. அதுக்கப்புறம் காற்று மாறுச்சு. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புது விதி அமலில் இருக்கிறது. ஒரு மாடலோட விற்பனை நின்ன பிறகும் குறைஞ்சது 5 வருஷம் அப்டேட், பாதுகாப்பு அப்டேட்னா மூல நிரல் வெளியாகி 4 மாசத்துக்குள்ள, புது வசதிகள்னா 6 மாசத்துக்குள்ளன்னு அதுல கெடு இருக்கு. கெடுவை எழுத்துல கொண்டு வந்ததுதான் இதுல பெரிய விஷயம்.

இங்க 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு வந்த புகார்களை வெச்சு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்தப் புகார்கள் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு மக்கள் சொன்னவை. நம்பர் 1915. ட்விட்டர்ல திட்டுறதை விட இது உருப்படியான வழி.

நாம என்ன பண்ணலாம்?

போன் வாங்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. ஆண்ட்ராய்டு வெர்ஷன் எத்தனை, பாதுகாப்பு பேட்ச் எத்தனை வருஷம்? ரெண்டும் வேற வேற. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24-ல இருந்து 7 வருஷம் தர்றாங்க, ஆனா விலை குறைஞ்ச மாடல்களுக்கு அது கம்மியாகும். முக்கியமா, அந்த வருஷக் கணக்கு மாடல் அறிமுகமான நாள்ல இருந்து ஓட ஆரம்பிக்கும், நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்லை. தீபாவளி ஆஃபர்ல ரெண்டு வருஷம் பழைய மாடலை வாங்கினா, ரெண்டு வருஷ அப்டேட் போயிடுச்சுன்னு கணக்கு வெச்சு பேரம் பேசுங்க.

பெரிய வெர்ஷன் வந்தா ஒரு ரெண்டு வாரம் பொறுத்து, பேக்கப் எடுத்துட்டுப் போடுங்க. மாசாந்திர பாதுகாப்பு பேட்சைத் தள்ளிப் போடாதீங்க. இருக்கிறது ஒரே போன்னா அதுல பீட்டா வேண்டவே வேண்டாம்.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். செட்டிங்ஸ்ல போய் "பாதுகாப்பு பேட்ச்"னு தேடுங்க, ஒரு தேதி காட்டும். உங்க போன்ல பார்த்த பிறகு அப்பா அம்மா போன்லயும் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா, குறைஞ்சது யுபிஐ-யையும் பேங்க் ஆப்பையும் வேற போனுக்கு மாத்திக் கொடுங்க. அந்தத் தேதியை எங்களுக்கும் அனுப்புங்க, மாடல் பெயரோட. அதை வெச்சு இன்னொரு எபிசோட் பண்ணுவோம்.