ஆறு முதல் பதினொன்று வரை எங்கே?

ஓசூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு பேக்கிங் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறதாம். இயந்திரக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த நியூமேட்டிக் சர்க்யூட் படத்தைப் பார்த்து, தன் கையாலேயே ஒரு நகல் வரைந்து கடிதத்தோடு இணைத்திருக்கிறார். அவருடைய கேள்வி இது: “வால்வில் 1, 2, 3, 4, 5 என்று எண் போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்து நேராக 12, 14 வருகிறது. 6 முதல் 11 வரை எங்கே? 13 ஏன் இல்லை? கேட்டால் ‘அது அப்படித்தாம்மா’ என்கிறார்கள்.”

அப்படித்தான் என்பது பதில் ஆகாது. அந்த எண்களை வைத்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் எனக்கு அது புரிந்த நாளில் இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

கம்ப்ரசர் என்றால் என்ன, சிலிண்டருக்குள் பிஸ்டன் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. பஞ்சர் கடையில் நின்றவர்களுக்கு அது தெரியும். ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வையுங்கள். தொழிற்சாலையில் சாதாரணமாக ஓடும் 6 பார் அழுத்தத்தில், 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் ஏறக்குறைய 120 கிலோ எடைக்கு ஈடான விசையோடு தள்ளும். உள்ளங்கைக்குள் அடங்கும் விட்டம்தான், ஆனால் இரண்டு ஆள் எடையின் பலம். அதை அடக்கி ஆள்வது வால்வு. அந்த வால்வு என்ன செய்கிறது என்பதைச் சொல்வது காகிதத்தில் உள்ள சில சதுரங்கள்.

வால்வைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சதுரம் எதுவும் இருக்காது. ஓர் உருளைக் கம்பி, சில ரப்பர் வளையங்கள், சில துளைகள், அவ்வளவுதான். குறியீடு வால்வின் உருவத்தைக் காட்டுவதில்லை, அது செய்யும் வேலையைக் காட்டுகிறது. வால்வுக்கு எத்தனை நிலைகள் உண்டோ அத்தனை சதுரங்கள். சதுரத்துக்குள் அம்பு இருந்தால் காற்று போகும் வழி, சிறு ‘T’ இருந்தால் அடைப்பு. காற்று போய்வரும் வாய்க்குப் போர்ட் என்று பெயர்; ஐந்து போர்ட், இரண்டு நிலை என்றால் 5/2 வால்வு. வெளிக்கோடுகள் எல்லாம் ஒரே ஒரு சதுரத்தில்தான் வந்து சேரும். மற்ற சதுரம் எதிலும் ஒட்டாமல் பக்கத்தில் நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

என் அப்பா ரயில்வேயில் இருந்தார். சிறுவயதில் போத்தனூர் நிலையத்தில் ஷன்டிங் பார்ப்பது எங்களுக்குத் திருவிழா. நடைமேடையில் நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். என் எதிரே இருந்த பெட்டி நகர்ந்துபோய் அடுத்த பெட்டி வந்து நிற்கும். சதுரங்களும் அப்படித்தான். வெளிக்கோடுகள் நடைமேடையில் நிற்கும் ஆட்கள், அவை அசையா. சதுரங்கள்தான் மனத்துக்குள் நகர வேண்டும். இடப்பக்கம் வரைந்திருக்கும் பட்டனை அழுத்தினால் இடச்சதுரம் கோடுகளுக்கு எதிரே வந்து நிற்கும். விட்டுவிட்டால் வலப்பக்கத்து ஸ்பிரிங் வலச்சதுரத்தைத் திரும்பத் தள்ளிக் கொண்டுவரும். யார் எந்தப் பக்கம் நிற்கிறாரோ, அவர் தன் பக்கத்துப் பெட்டியைத் தள்ளிவருகிறார். இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதிப் படத்தைப் படித்த மாதிரி.

இனி எண்கள். 1 என்பது காற்று உள்ளே வரும் வாய். 2, 4 இரண்டும் சிலிண்டருக்குப் போகிறவை. 3, 5 இரண்டும் வேலை முடிந்த காற்று வெளியேறும் வழிகள். பழைய இயந்திரங்களில் இதே இடங்களில் P, A, B, R, S என்ற எழுத்துகள் இருக்கும். போர்ட்டுகள் ஐந்தோடு முடிந்துவிடுகின்றன. ஆறாவது போர்ட் கிடையாது, அதனால் ஆறு என்ற எண்ணும் கிடையாது. அப்படியானால் 14?

அதைப் பதினான்கு என்று படிக்கக் கூடாது. ஒன்று, நான்கு என்று படிக்க வேண்டும். பழனியிலிருந்து திருப்பூர் போகும் பேருந்தின் பலகையில் ‘பழனி – திருப்பூர்’ என்று எழுதியிருந்தால் அதை ஒரே ஊரின் பெயராக நாம் படிப்பதில்லை. புறப்படும் ஊர் ஒன்று, சேரும் ஊர் ஒன்று. 14 என்று குறித்த பக்கத்தில் காற்றோ மின்சாரமோ சிக்னலாக வந்தால், 1-க்கும் 4-க்கும் வழி திறக்கும். 12-இல் வந்தால் 1-க்கும் 2-க்கும் திறக்கும். வால்வை இயக்கும் சிக்னலின் பெயரே அதனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. 13 ஏன் இல்லை என்பதும் இப்போது விளங்கும். உள்ளே வரும் காற்றை நேரே வெளியேற்றும் வழிக்கு அனுப்ப யாருக்கும் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 10. சில 3/2 வால்வுகள் சும்மா இருக்கும்போது திறந்தே இருக்கும், சிக்னல் வந்தால் மூடும். ஒன்றிலிருந்து எங்கும் போகாதே என்பது அந்தச் சிக்னலின் உத்தரவு. சேருமிடத்துக்குப் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். இரண்டே இலக்கத்தில் ஒரு முழு வாக்கியம். இதற்கு ஐ.எஸ்.ஓ. 11727 என்ற தரநிலை இருக்கிறது. குறியீடுகளின் வடிவத்துக்கு ஐ.எஸ்.ஓ. 1219. ஜெர்மனியில் வரைந்த படத்தை ஓசூரில் ஒரு பெண் ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் படிக்க முடிவது இவற்றால்தான்.

வரைவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சிலிண்டர் மேலே, அதன் கீழே அதை இயக்கும் வால்வு, அதற்கும் கீழே சிக்னல் தரும் வால்வுகள், அடியில் காற்று வரும் இடம். முழுக்கோடு வேலைக்காற்று, விட்டுவிட்டுப் போகும் கோடு சிக்னல் காற்று. முக்கோணத்தின் உள் வெறுமையாக இருந்தால் காற்று, மை நிரப்பியிருந்தால் ஹைட்ராலிக் எண்ணெய். ஒரு குறியீட்டின் குறுக்கே சாய்ந்த அம்பு போனால், அதைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். சிலிண்டரின் பிஸ்டன் தண்டு வந்து தொடும் ரோலர் வால்வு இயந்திரத்தில் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். படத்திலோ அதைக் கீழே வரைந்துவிட்டு, மேலே அது இருக்கும் இடத்தில் ஒரு சிறு கோடு போட்டு 1S1 என்று பெயரை மட்டும் எழுதுவார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய நொடியில் இயந்திரம் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் எல்லாவற்றையும் வரைய வேண்டும். அந்த நொடியில் தண்டு ஏற்கெனவே ஒரு ரோலரை அழுத்திக்கொண்டு நின்றால், அதை அழுத்திய நிலையிலேயே காட்ட வேண்டும். மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இதில்தான்.

ஒரு விஷயத்தை வேதனையோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், சிலிண்டர் பாதி வழியில் நிற்க வேண்டும் என்று 5/2 வால்வைக் கழற்றிவிட்டு 5/3 வால்வைப் போட்டார்கள். நடுநிலையில் ஐந்து வாயும் அடைபட்டிருக்கும் வகை. கதவில் ஒட்டிய படத்தை யாரும் மாற்றவில்லை. ஓர் ஆண்டு கழித்து, ஒரு ஃபிட்டர் அண்ணன் மெயின் காற்றை மூடினார். கேஜ் பூஜ்யம் காட்டியது. படத்தையும் பார்த்தார். படத்தில் இருந்த 5/2 வால்வாக இருந்திருந்தால் சிலிண்டரில் மிச்சமிருந்த காற்று வால்வு வழியாகவே வெளியேறியிருக்கும். ஆனால் அங்கே இருந்த வால்வு, சிலிண்டரின் இரண்டு பக்கத்துக் காற்றையும் பூட்டி வைத்திருந்தது. ஒரு பக்கத்து டியூபைக் கழற்றியதும் மறுபக்கத்துக் காற்று தண்டைத் தள்ளியது. அவருடைய இரண்டு விரல்கள் நசுங்கின. அவர் படத்தை நம்பினார், நம்பியதில் அவர்மீது தவறில்லை.

வால்வை மாற்றுகிறவர் படத்திலும் ஒரு சதுரத்தைச் சேர்க்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு பென்சில், இரண்டு நிமிடம், ஓரத்தில் தேதி. இயந்திரத்துக்கு ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைக்கிறோம். உள்ளே இருக்கும் படம் எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் கிழிந்து, பாதி எழுத்து அழிந்து கிடக்கிறது. அதை எடுத்துத் துடைத்து, சரிபார்த்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பதும் அந்த இயந்திரத்துக்குச் செய்யும் மரியாதைதான்.

ஓசூர் சகோதரிக்கு ஒன்று. உங்கள் நகல் அழகாக இருக்கிறது, கோடுகள் நேராக இருக்கின்றன. ஆனால் இரண்டாவது சிலிண்டருக்குக் கீழே உள்ள வால்வில் இரண்டே சதுரங்கள், இரு பக்கமும் ஸ்பிரிங் என்று வரைந்திருக்கிறீர்கள். இரு பக்கமும் ஸ்பிரிங் தள்ளினால் வால்வு நடுவில் வந்து நிற்கும். அதற்கு நடுவில் மூன்றாவது சதுரம் ஒன்று இருந்தாக வேண்டும். நகல் எடுக்கும்போது விட்டுப்போயிருக்கலாம். கதவில் உள்ள படத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றால், அந்த வால்வின் உடம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான வால்வுகளில் அதன் குறியீட்டைப் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பார்கள். நடுச்சதுரத்தில் ஐந்து ‘T’ இருக்கிறதா, அம்புகள் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். அதுவரை அந்தச் சிலிண்டரின் டியூபில் கை வைக்க வேண்டாம்.