பூசணி காய்க்க வரப்பில் பூச்செடி

பூசணிக் கொடி செழித்துப் படர்கிறது. பூவும் நிறைய வருகிறது. ஆனால் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்துவிடுகின்றன. உரம் போதவில்லை என்று யூரியாவும், பூச்சி என்று மருந்தும் வாங்கிச் செலவழிப்போர் உண்டு. பல தோட்டங்களில் உண்மையான குறை, தேனீ வராததே.

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் சிறு பிஞ்சுடன் இருப்பது பெண் பூ. முதலில் வரும் ஆண் பூக்கள் உதிர்வது இயல்பு. பூசணியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் பறக்காது. விடியற்காலையில் விரியும் பூ முற்பகலிலேயே கூம்பிவிடும். அதற்குள் தேனீ பலமுறை வந்து போனால்தான் காய் கோணலின்றிப் பருக்கும்.

பூசணி பூக்குமுன்பே பக்கத்தில் வேறு பூ இருந்தால் தேனீக்கள் அங்கு வந்து பழகும். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கீழ்க்கண்டவற்றை எளிதில் வளர்க்கலாம்.

சூரியகாந்தி: பூக்க ஏறத்தாழ 60 நாளாகும். எனவே பூசணிக்கு 15 நாள் முன்னதாக, ஓரடிக்கு ஒரு விதை ஊன்றவும். நிழல் விழாதபடி தோட்டத்தின் வட ஓரத்தில் வைப்பது நல்லது.

எள்: பூசணி ஊன்றும்போதே விதைக்கலாம். விதை பொடியானதால் நான்கு பங்கு மணல் கலந்து தூவவும். தண்ணீர் தேங்கக் கூடாது.

கொத்தமல்லி: விதையை இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து விதைக்கவும். கீரைக்குப் பறித்தது போக, ஒரு பகுதியைப் பூக்க விடவும். இதன் பூவை நாடி வரும் ஒருவகை ஈயின் புழுக்கள் அசுவினியைத் தின்னும்.

செண்டுமல்லி: ஒரு மாத நாற்றை நடவும். அடுக்கு இதழ்ப் பூவைவிட ஒற்றை இதழ்ப் பூவே தேனீக்கு ஏற்றது. எல்லாவற்றையும் சந்தைக்குப் பறித்துவிடாமல் கொஞ்சம் செடியில் விடவும்.

எள்ளையும் கொத்தமல்லியையும் 15 நாள் இடைவெளியில் இரண்டு தடவையாக விதைத்தால் பூ தொடர்ந்து கிடைக்கும்.

பூக்கும் காலத்தில் மருந்து அடிப்பதைத் தவிர்க்கவும். தவிர்க்க முடியாவிட்டால், தேனீக்கள் திரும்பிய பின் மாலையில் அடிக்கவும். பூத்து நிற்கும் வரப்புச் செடிகள்மீது மருந்து படக் கூடாது.

காலை 7 மணிக்குக் கொடியருகே சற்று நின்று பாருங்கள். தேனீ நடமாட்டம் இல்லையென்றால், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். இந்தப் பருவத்தின் காயை இப்படிக் காக்கலாம். அடுத்த பருவத்துக்கு, ஒரு பிடி எள்ளும் கொத்தமல்லியும் இப்போதே எடுத்து வையுங்கள்.