குளோரின் அணுவும் ஒட்டுப்பசை வாசனையும்

வேலூர், ஆம்பூர்த் தோல் தொழில் என்றதும் எவரும் பாலாற்றைத்தான் பேசுவர். வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பெரும்பாலும் நீரையும் நிலத்தையும் பற்றியதே. நான் எழுத விரும்புவது காற்றைப் பற்றி. காலணித் தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டும் வேலை செய்யும் என் தாயார் மாலையில் வீடு திரும்பினால் சேலையெல்லாம் பசை வாசனை. "கொடியிலே போட்டா காத்துல போயிடும்டா" என்பார். காற்றில் போவது பிறகு எங்கே போகிறது?

ஒட்டுப்பசையிலும் தோலுக்கு மெருகேற்றும் கலவையிலும் டொலுவீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் சேர்வதுண்டு. இவற்றின் ஆவியைப் பகலில் தாக்குவது முக்கியமாக ஹைட்ராக்சில் தனி உறுப்பு. குளோரின் அணு எண்ணிக்கையில் மிகக் குறைவு, வேகத்திலோ முந்தும். டொலுவீனை ஹைட்ராக்சிலைவிட ஏறக்குறைய 10 மடங்கும், ஈத்தேனை 200 மடங்குக்கு மேலும் விரைவாகத் தாக்கும். குளோரைடு கலந்த துகள்கள்மீது இரவில் உருவாகும் நைட்ரைல் குளோரைடு, காலை வெயில் பட்டதும் உடைந்து இந்த அணுவைத் தருகிறது. டெல்லிக் காற்றில் குளோரைடு மிகுந்திருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே குழுவினர் 2021-இல் வெளியிட்டனர்.

இவ்வினையின் வேகத்தை எப்படி அளப்பது? மெத்தில் அசிடேட் நீராற்பகுப்பில் நம் மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் பிப்பெட்டில் எடுத்துத் தரம் பார்க்கிறார்கள். குளோரின் அணுவைப் பிப்பெட்டில் எடுக்க முடியாது. பிறந்த கணத்திலேயே எதையாவது பற்றிக்கொள்ளும்.

இங்கேதான் ஒப்பீட்டு வேக முறை கைகொடுக்கிறது. பந்தியில் ஓர் அண்டாவில் பிரியாணி, பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு. எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாது. ஆனால் வந்தவர்கள் இரண்டையும்தான் அள்ளினார்கள். ஆகவே இரண்டும் குறைந்த அளவை ஒப்பிட்டால் எதை விரைந்து அள்ளினார்கள் என்பது தெரிந்துவிடும். (உவமைக்குப் பேராசிரியர்கள் பொறுத்தருள்க, நான் ஆம்பூர்க்காரன்.)

குடுவையில் ஆராய வேண்டிய சேர்மம், வேகம் முன்பே தெரிந்த ஒப்பீட்டுச் சேர்மம், ஒளி பட்டால் குளோரின் அணு தரும் ஆக்சலைல் குளோரைடு போன்றதொரு பொருள் ஆகியவற்றை அடைத்துப் புற ஊதா ஒளி பாய்ச்சுகிறார்கள். அவ்வப்போது சிறிதளவு எடுத்துக் கேஸ் குரோமட்டோகிராப்பில் இரண்டின் மிச்சத்தையும் காண்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்க அளவை மிச்சத்தால் வகுத்து மடக்கை எடுத்து, ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்வுதான் இரு வேக மாறிலிகளின் விகிதம். குளோரின் எவ்வளவு இருந்தது என்பது கணக்கிலேயே வராது! சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பி. ராஜகுமார் குழுவினர் இம்முறையில் பல சேர்மங்களை அளந்துள்ளனர். இருட்டிலும் சேர்மம் குறைகிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்; குடுவைச் சுவரே சிலவற்றை விழுங்கிவிடும்.

ஈத்தேனை ஒப்பீட்டுக்கு வைத்தால் டொலுவீனுக்குச் சாய்வு ஏறக்குறைய 1. அறை வெப்பநிலையில் ஈத்தேனின் மாறிலி 5.9 × 10⁻¹¹ கன செ.மீ./மூலக்கூறு/விநாடி, டொலுவீனுக்கும் கிட்டத்தட்ட அதுவே.

குறைந்த டொலுவீன் இல்லாமல் போய்விடவில்லை. குளோரின் அதன் மெத்தில் தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ள, மிஞ்சியது ஆக்சிஜனுடன் சேர்ந்து படிப்படியாகப் பென்சால்டிஹைடாகிறது. வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் உடனிருந்தால் ஓசோனும் பிறக்கிறது.

"அப்போ கொடியிலே போட்டா போறதில்லையா?" என்றார் தாயார். சேலையை விட்டுப் போகிறது. ஹைட்ராக்சில் மட்டுமே தாக்கினாலும் காற்றில் டொலுவீனின் ஆயுள் ஏறக்குறைய 2 நாள். அதற்குள் அது ஆம்பூரை விட்டு வெகுதூரம் போயிருக்கும்.