மீன் தொட்டியில் கரண்ட்: ஆர்.சி.சி.பி. எதைப் பார்க்காது?

மீன் தொட்டி ஹீட்டருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாமே, வீட்டில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா என்று கேட்டு வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். மின்சாதனப் பாதுகாப்பு தொடர்பாக மத்திய அரசு 2025 மே மாதம் பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணைதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். 250 வோல்ட்டுக்கு மேற்படாத ஒற்றை ஃபேஸ் சாதனங்களை அது மொத்தமாக அள்ளிப்போட்டுக்கொள்கிறது. அதில் குறித்திருக்கும் கெடு 2026 மார்ச் 19. அதுவே ஒருமுறை தள்ளிப்போய் வந்த தேதி. ஆணை கட்டுப்படுத்துவது தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் விற்பவரையும்தான். உங்கள் வீட்டுத் தொட்டியை யாரும் சோதனையிட வரப்போவதில்லை.

முத்திரைக்கு அர்த்தம், சோதனைக்குப் போன மாதிரி தேறியது என்பதுதான். சென்னை கொளத்தூரில் வாங்கி, மூன்று வருடம் தண்ணீரில் ஊறிய ஹீட்டரின் ரப்பர் மூடி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை முத்திரை சொல்லாது. பெட்டியில் பெரிதாக அச்சிடும் ‘ஐ.பி. 68’ கதையும் இதுதான். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட வேண்டும். அது குறிப்பிடப்படாத பெட்டியில் அந்த எண் வெறும் அலங்காரம்.

இன்னொரு கேள்வியும் திரும்பத் திரும்ப வருகிறது. ‘எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, மீன்களும் நன்றாக நீந்துகின்றன, பிறகென்ன பயம்?’ விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒரு கணக்குப்பிள்ளை. ஃபேஸ் வழியாகப் போன கரண்டும் நியூட்ரல் வழியாகத் திரும்பிய கரண்டும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், 0.3 விநாடிக்குள் லைனைத் துண்டிக்க வேண்டும். குறைவு அதிகமானால் இன்னும் வேகமாக. லோடு மிஞ்சினால் மட்டும் விழும் எம்.சி.பி.யால் இது முடியாது. 100 வாட் ஹீட்டர் இழுப்பதே அரை ஆம்பியருக்குக் கீழேதான். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆளைக் கொல்லும் கரண்டும் அப்படியே.

சரி, ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போகிறது. என்ன நடக்கும்? பெரும்பாலும் எதுவுமே நடக்காது. தொட்டி கண்ணாடி, அது நிற்பது மர ஸ்டாண்டில். தண்ணீருக்கும் தரைக்கும் தொடர்பில்லை. ஃபேஸிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிய கரண்ட், அதே விரிசலுக்குள் இருக்கும் நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடுகிறது. போனது வந்துவிட்டது, கணக்கு சரி. ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும், மீன்களும் நீந்தும். பாசி துடைக்க வெறுங்காலுடன் நின்று நீங்கள் கையை விட்டதும்தான் கரண்டுக்குத் தரைக்குப் போக வழி கிடைக்கிறது. அதாவது, கருவி முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் கசிவு உங்கள் உடம்பு வழியாகப் பாய்வது. 230 வோல்ட்டை, உடம்பின் தடை சுமார் 1,500 ஓம் என்று வைத்து வகுத்தால் 150 மில்லி ஆம்பியர் வரும். கருவி நல்ல நிலையில் இருந்தால் பிழைத்துக்கொள்வீர்கள், ஷாக் மட்டும் நிச்சயம். உயிர்காக்கும் கருவி என்ற பேச்சு பொய்யல்ல, ஆனால் இந்த அடிக்குறிப்பை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இதற்கு ஒரு கெட்டிக்கார மாற்று உண்டு. தண்ணீரில் ஒரு டைட்டானியம் கம்பியை விட்டு, அதை எர்த்தோடு இணைப்பது. அப்போது குழாய் விரிசல் விட்டதுமே கரண்ட் கம்பி வழியாக எர்த்துக்கு ஓடும், கணக்கு உதைக்கும், நீங்கள் பக்கத்திலேயே வராதபோது லைன் விழுந்துவிடும். ஆனால் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இதே கம்பி ஆபத்து. ஒரு கை எர்த் ஆன தண்ணீரில், மறு கை கசிவுள்ள விளக்கு மூடியில் என்றால், கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும். எர்த் பின்னில் ஒயரே இணைக்காத பழைய வீடுகளிலோ கம்பியால் பயனே இல்லை.

மற்ற கேள்விகள்:

டெஸ்டரை வைத்துப் பார்த்தால் போதுமா? போதாது, தூண்டப்பட்ட சிறு மின்னழுத்தத்துக்கும் எரியும், சில சமயம் உண்மையான கசிவுக்கு எரியாது.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன்? மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது கருவியைச் சோதிக்கும், வீட்டு எர்த்தை அல்ல.

மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி.யில் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறது? ஆளைக் காப்பாற்ற அது போதாது, 30 வேண்டும்.

இன்வெர்ட்டர் லைன்? அதற்குத் தனி ஆர்.சி.சி.பி., இன்வெர்ட்டருக்குப் பின்னால்.

கரண்ட் போனால் ஏர் பம்புக்குள் தண்ணீர் ஏறுகிறதே? பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு மாட்டுங்கள்.

ஒயர் வழியாக நீர் சொட்டி பிளக்குக்குள் போகிறது? பிளக்குக்குக் கீழே ஒயர் தொய்ந்து ஏறும்படி விடுங்கள்.

தண்ணீர் மாற்றும்போது ஹீட்டர்? கால் மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள். சூடான குழாய் காற்றில் நின்றால் விரிசல் விடும்.

அடிக்கடி ட்ரிப் ஆவதால் எலக்ட்ரீஷியன் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேராக இணைத்துவிட்டார் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது விழுவது எங்கோ கசிவு இருப்பதால், அல்லது நியூட்ரல்கள் கலந்திருப்பதால். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை; திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மாட்டும்வரை மட்டுமல்ல, மாட்டிய பிறகும் தொட்டிக்குள் கை விடும் முன் சுவிட்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.